கோதுமைக்கு ஒரு ராத்திரி டிரெயினிங்

நான் பி.காம். கோதுமையைச் சப்பாத்தியாக மட்டும்தான் தெரியும்.

ஒரு நவம்பர் கடைசியில் ஆபீஸ் நண்பனின் கல்யாணத்துக்கு ஹரியானாவில் ரோத்தக் பக்கம் போயிருந்தேன். வயலில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். "சுண்ணாம்பு கொட்டிடுச்சா?" என்று கேட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பா சிரிக்கவில்லை. இந்தியில் ஏதோ சொன்னார். நண்பன் மொழிபெயர்த்தான்: "உப்பு பூத்திருக்காம். ரெண்டு தடவை கோதுமை விதைச்சும் பாதிகூட முளைக்கலையாம்."

விதைக்காசு ரெண்டு மடங்கு, உழவுக்கூலி ரெண்டு மடங்கு. எனக்கு லட்டு இறங்கவில்லை.

சென்னை திரும்பியதும் துருவினேன். மண்ணில் உப்பு ஏறினால், இருக்கிற தண்ணீரை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தில் கிடந்தும் விதைக்குத் தாகம்! முட்டி மோதிக் குடித்தால் கூடவே சோடியம் நுழைந்து பொட்டாசியத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. (உங்கள் ஆபீஸில் பார்த்ததில்லையா, சார்?)

இதற்கு ஒரு வைத்தியம் விதை நேர்த்தி. கால்சியம் குளோரைடு அல்லது சாலிசிலிக் அமிலத்தை (நம் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம்) தண்ணீரில் துளியூண்டு கரைத்து, அதில் விதையை ஒரு ராத்திரி ஊறப்போடுகிறார்கள். உள்ளே முளைப்பு வேலை ஆரம்பித்துவிடும். வேர் எட்டிப் பார்ப்பதற்குள் எடுத்து நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பாதி வேலை முடிந்த விதை, உப்பு மண்ணிலும் சுருக்காக முளைக்கும். கால்சியம் செல்லின் சவ்வைக் கெட்டிப்படுத்தி சோடியத்துக்குக் கொஞ்சம் கதவடைக்கிறது. சாலிசிலிக் அமிலம் பயிரின் தற்காப்பை முன்னாலேயே தட்டி எழுப்புகிறது.

சும்மா இருப்பேனா? கெமிக்கல் கடையில் கால்சியம் குளோரைடு வாங்கினேன். கோதுமை, அடுக்களை டப்பாவிலிருந்து. "சப்பாத்திக்கு வெச்சிருந்தேங்க!" என்றாள் மனைவி. முதல் தடவை மறந்துபோய் ரெண்டு நாள் ஊறிவிட்டது. வேர் விட்டதைக் காயவைத்தேன், அத்தனையும் காலி. மறுதடவை ஒரே ராத்திரி. ரெண்டு தட்டு, ஈரத்துணி, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு. நாலாம் நாள் ஊறப்போட்ட தட்டில் பச்சை முனைகள். சும்மா போட்டதில் அப்போதுதான் வேர்.

ஆனால் இதனால் மண்ணின் உப்பு ஒரு சிட்டிகைகூடக் குறையாது. நாற்றுப் பருவத்தைத் தாண்ட ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். வடிகால் போட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும். உப்பைத் தாங்கும் ரகமும் வேண்டும். 1969-ல் தொடங்கிய, கர்னாலில் இருக்கும் மத்திய மண் உப்புத்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் கே.ஆர்.எல். வரிசையில் அப்படிப்பட்ட கோதுமைகளைத் தந்திருக்கிறது.

எல்லாவற்றையும் நண்பன் மூலம் சித்தப்பாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஊறவெச்ச விதையை எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?"

"ரொம்ப நாள் தாங்காது. விதைக்கிற வாரத்திலேயே ஊறப்போடச் சொல்லு."

அடுத்த பட்டத்தில் கால் ஏக்கரில் மட்டும் போட்டுப் பார்க்கிறாராம்.