கைக்குத் துணை நிற்கும் எளிய இயந்திரங்கள்

இயந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆலையில் இரைச்சலிட்டுச் சுழலும் சக்கரங்களும், புகை கக்கிச் செல்லும் டிராக்டரும் நம் நினைவிற்கு வருகின்றன. எண்ணெயும் மின்சாரமும் இன்றி இயங்கும் இயந்திரங்கள் நம் வீட்டிலேயே பல இருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வெற்றிலைத் தட்டிலுள்ள பாக்குவெட்டி ஓர் இயந்திரம். கொல்லையில் சாய்த்து வைத்திருக்கும் கடப்பாரையும் ஓர் இயந்திரமே. கோடரி, திருகாணி, செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஆகியவையும் அவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றை எளிய இயந்திரங்கள் என்பர். நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு என இவற்றை ஆறு வகையாகப் பிரிப்பது வழக்கம்.

உடலுழைப்பால் வாழ்வோர்க்கு இவற்றின் இயல்பை அறிவது பள்ளிப் பாடம் மட்டுமன்று. முதுகுவலியும் தோள்வலியும் பளுவின் மிகுதியால் மட்டும் வருவன அல்ல. பளுவைத் தகுந்த இடத்தில் வைக்காமையும், கருவியைத் தகுந்த இடத்தில் பிடிக்காமையும் அவற்றிற்குக் காரணமாகலாம்.

கடப்பாரை காட்டும் கணக்கு

நிலத்தில் புதைந்துள்ள கல்லொன்றைப் பெயர்க்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 150 செண்டிமீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் நுனியைக் கல்லின் அடியில் செலுத்தி, நுனியிலிருந்து 15 செண்டிமீட்டர் தொலைவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கிறோம். அக்கட்டையே ஆதாரம். கல் பளுவாகும், நம் கை தருவது விசையாகும். ஆதாரத்திலிருந்து பளுவுக்கு 15 செண்டிமீட்டர். கைக்கு 135 செண்டிமீட்டர். அஃதாவது, ஒன்பது மடங்கு. ஆகவே, நுனியின் மேல் 90 கிலோ பளு அழுத்தினால், மறுமுனையில் 10 கிலோ அளவு விசை கொடுத்தாலே அது அசையும்.

எஞ்சிய 80 கிலோவை யார் சுமந்தார்? எவரும் சுமக்கவில்லை. கல் 2 செண்டிமீட்டர் உயர்வதற்கு நம் கை 18 செண்டிமீட்டர் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். நெம்புகோலின் இவ்விதியைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கணித முறையில் நிறுவினார். எந்த இயந்திரமும் வேலையைப் புதிதாகப் படைப்பதில்லை என்பதை 1600ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலிய அறிஞர் கலிலியோ தெளிவாக்கினார்.

தள்ளுவண்டியில் பளு எங்கே?

தள்ளுவண்டியும் ஒரு நெம்புகோலே. இதில் சக்கரத்தின் அச்சு ஆதாரம், நடுவில் பளு, கடைசியில் கைப்பிடி. 20 கிலோ எடையுள்ள மூன்று குலைகளை ஏற்றுவதாகக் கொள்வோம். பளு 60 கிலோ. கைப்பிடி அச்சிலிருந்து 120 செண்டிமீட்டர் தொலைவில் உள்ளது. குலைகளின் நடுப்பகுதி அச்சிலிருந்து 40 செண்டிமீட்டரில் அமைந்தால் கைகள் தூக்க வேண்டியது 20 கிலோ. அதே குலைகள் பின்னுக்குச் சரிந்து 60 செண்டிமீட்டரில் அமர்ந்தால் கைகள் 30 கிலோவைத் தூக்கியாக வேண்டும். வண்டியின் சொந்த எடையை இங்குச் சேர்க்கவில்லை. குலைகளும் வண்டியும் மாறவில்லை. ஆயினும் ஒவ்வொரு நடையிலும் 10 கிலோ கூடிவிட்டது. நாள் முழுவதும் வண்டி தள்ளுபவரின் இடுப்பு இதனை நன்கு உணரும். ஆதலின், கனமான குலைகளைச் சக்கரத்தை ஒட்டி அடுக்குதல் நன்று. சக்கரத்தையும் தாண்டி முன்னே அடுக்கினால் வண்டி குப்புறச் சாயும் என்பதையும் நினைவிற் கொள்க.

எல்லாக் கருவிகளும் சுமையைக் குறைப்பதில்லை. முற்காலத்தில் பால்மரத் தொழிலாளர்கள் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தனர். ஒரு வாளி 12 கிலோவும் மற்றது 8 கிலோவும் இருந்தால், தோளைக் கனமான வாளியின் பக்கம் நகர்த்தியதும் கம்பு சமநிலை அடையும். ஆனால், தோள் தாங்கிய 20 கிலோவில் ஒரு கிராமும் குறையவில்லை. பள்ளிக் கொடிக்கம்பத்தின் உச்சியிலுள்ள கப்பியும் அத்தகையதே. அது விசையைக் குறைப்பதன்று. கீழே இழுத்தால் கொடி மேலே ஏறுமாறு திசையை மாற்றித் தருவது.

சாய்தளமும் திருகும்

180 கிலோ எடையுள்ள எண்ணெய்ப் பீப்பாயை 1 மீட்டர் உயரமுள்ள லாரித் தட்டில் நேராகத் தூக்கி வைப்பது அரிது. 3 மீட்டர் நீளப் பலகையைச் சாய்த்து உருட்டினால், உராய்வு நீங்கலாக, 60 கிலோ அளவு விசை போதும். மூன்றில் ஒரு பங்கு விசை. மூன்று மடங்கு தூரம். மீண்டும் அதே கணக்குத்தான். எனினும், உருளும் பீப்பாயின் நேர் கீழே எவரும் நிற்கலாகாது. கை வழுவினால் அதன் முழு எடையும் திரும்பிவரும்.

சாய்தளத்தை ஒரு தண்டின்மேல் சுற்றினால் அது திருகாகிவிடும். லாரியைத் தூக்கும் திருகு ஜேக், நீண்ட சாய்தளமொன்றைச் சுருட்டி வைத்ததற்கு ஒப்பாகும். கைப்பிடியைப் பலமுறை சுற்ற வேண்டியிருப்பதும் அதனால்தான். இதன் வடிவத்தை ரப்பர் மரத்திலும் காணலாம். அரைச் சுற்றாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்கும் வெட்டுக்கோடு, மரத்தைச் சுற்றிய ஒரு சாய்தளமே. சரிவு மிகக் குறைந்தால் பால் மங்கில் சேராமல் பட்டையில் வழியும். மிகக் கூடினால் பட்டை வீணாகும்.

கூர்மையே சிக்கனம்

பால் வெட்டும் உளி, கோடரி, அரிவாள் ஆகிய யாவும் ஆப்பு வகையைச் சேர்ந்தவை. மெல்லிய ஆப்பு குறைந்த விசையில் நுழையும்; தடித்த ஆப்புக்கு மிகுந்த விசை வேண்டும். மழுங்கிய கருவியை அழுத்தும்போது அது வழுக்கிக் கையைப் பதம் பார்ப்பதும் உண்டு. காலையில் தீட்டுக்கல்லின் முன் செலவிடும் ஐந்து நிமிடம் வீணான நேரமன்று.

பிள்ளைகள் இவ்வுண்மைகளை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கதவைக் கைப்பிடி அருகே ஒரு விரலால் தள்ளட்டும். பிறகு கீல் அருகே தள்ளட்டும். வேறுபாடு விரலுக்கே விளங்கும். ஏன் அவ்வாறு நிகழ்கிறது எனப் பெற்றோர் கேட்க, பிள்ளைகள் விடை கூறுவார்களாயின் அதுவே நல்லதோர் அறிவியல் பாடமாகும்.

பளுவைத் தூக்கும் வலிமை ஒருவரின் உடலில் என்றும் ஒரே அளவாக இருப்பதில்லை. வயது ஏற ஏற அது குறையும். பளுவை எங்கே வைப்பது, கருவியை எங்கே பிடிப்பது என்னும் அறிவோ, உழைக்குந்தோறும் வளர்வது. உடலைக் காக்கும் அவ்வறிவைப் பெரியோர் கைக்கொள்வதோடு இளையோர்க்கும் கற்பித்தல் வேண்டும்.