ரிப்போர்ட்டில் யாரும் போடாத ஒரு கணக்கு

வாணியம்பாடிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் நாம் சந்தித்த தாய், பேச்சுக்கு நடுவே எழுந்துபோய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். இறந்துபோன இரண்டு ஆண் குழந்தைகளின் சீட்டுகள் அதில் இருந்தன. ஒன்று 7 மாதத்தில் போனது, மற்றொன்று 9 மாதத்தில். இரண்டுக்கும் ஓயாத நெஞ்சுச் சளி, வாயில் ஆறாத வெள்ளைப் படலம், நிற்காத பேதி. எடை ஏறவே இல்லை.

"டேனரித் தண்ணி புள்ளைங்களுக்கு ஒத்துக்கலன்னு சொன்னாங்க சார். எங்க மாமியார் என் ராசின்றாங்க" என்றார். இப்போது அவருக்கு மூன்றாவது கர்ப்பம், ஐந்தாவது மாதம்.

டேனரிக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் காலனிக் குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும் "தண்ணி சரியில்லை, சுத்தம் போதாது" என்று எழுதி மூடிவிடுவதை எப்படி ஏற்பது? ஊர்த்தெருவில் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இப்படிப் போயிருந்தால் காரணம் தேடியிருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமல் சில குழந்தைகள் பிறக்கின்றன. மரபணுவில் உள்ள பிழைதான் காரணம். சில வகைகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பிழை வந்து சேர வேண்டும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் குடும்பங்களில் இது கூடுதல். அந்த வழக்கம் நம் பக்கம் எல்லாச் சாதியிலும் இருப்பதால் இதைக் காலனி நோய் என்று யாரும் பெயர் சூட்ட வேண்டாம். வேறு சில வகைகள் தாய் வழியாக வந்து ஆண் பிள்ளைகளை மட்டும் தாக்கும். அதிலும் தாய் செய்த தவறு எதுவுமில்லை, அவர் நலமாகவே இருப்பார். தன்னிடம் அந்த மரபணு இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

கவரில் இரண்டாவது குழந்தையின் ரத்த ரிப்போர்ட் இருந்தது. மொத்த வெள்ளை அணு 5,200. லிம்போசைட் 22 சதவீதம். இரண்டுமே பக்கத்தில் அச்சிட்டிருந்த அளவுக்குள்தான் இருந்தன. ஆனால் அந்த அளவு பெரியவர்களுக்கானது. பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: 5,200-ல் 22 சதவீதம் 1,144. கைக்குழந்தைக்கு வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட்டாக இருப்பதுதான் வழக்கம். எண்ணிக்கை 3,000-க்குக் கீழே போனாலே மருத்துவர் சந்தேகப்பட வேண்டும். இதற்குத் தனிச் செலவு கிடையாது. எடுத்த ரிப்போர்ட்டிலேயே இருந்த எண்தான், பெருக்கிப் பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த ஒரு எண்ணை வைத்தே முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. கடும் தொற்றிலும் சத்துக் குறைவிலும் எண்ணிக்கை இறங்கும். எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தாயின் எதிர்ப்புப் புரதம் 18 மாதம் வரைகூடக் குழந்தை உடம்பில் தங்கும் என்பதால் அதற்குச் சாதாரணப் பரிசோதனை போதாது, பி.சி.ஆர். முறை வேண்டும். அடுத்தது, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதங்களின் அளவு. ரத்தமோ இம்யூனோகுளோபுலின் மருந்தோ ஏற்றிய பிறகு பார்த்தால், கொடுத்தவருடைய புரதமும் சேர்ந்து காட்டி ஏமாற்றிவிடும். ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

அதற்கும் மேல் ஃப்ளோ சைட்டோமெட்ரி. டி செல், பி செல், என்.கே. செல் ஒவ்வொன்றும் எத்தனை என்று லேசர் ஒளியில் எண்ணிச் சொல்லும் கருவி அது. திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி வரும் குழந்தைக்கு டி.எச்.ஆர். என்ற தனிச் சோதனை உண்டு. வெள்ளை அணு கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்கிறதா என்று அது காட்டும். இவற்றுக்கு உயிருள்ள அணுக்கள் வேண்டும் என்பதால் ரத்தம் பழையதாக இருக்கக் கூடாது. பெரிய ஆய்வகம் இருக்கும் இடத்துக்குக் குழந்தையையே கொண்டுபோவது நல்லது. வாணியம்பாடியில் ரயில் ஏறினால் காட்பாடி, அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. எட்டும் தூரம்தான். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை 1986-லேயே தொடங்கிய மருத்துவமனை அது. ஷூ கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும் வீட்டுக்கு அந்தத் தூரமும் தூரம்தான் என்பது வேறு கதை.

அமெரிக்காவில் 1971-ல் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனை, இதே வகை நோய்க்காக, கிருமி புகாத பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்து 12 வயது வரை வளர்த்தார்கள். அவனுக்கும் முன்பு ஓர் அண்ணன் இறந்திருந்தான். அந்த மரணத்தைப் பார்த்துத்தான் டேவிட் பிறக்கும் முன்பே மருத்துவர்கள் தயாரானார்கள். இன்று அங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலம் 2008-ல் தொடங்கியது அது. நம் நாட்டில் அப்படியொரு பொதுத் திட்டம் இல்லை.

ஆகவே வீட்டார் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி, வலுவைக் குறைத்த உயிருள்ள கிருமி. எல்லாக் குழந்தைக்கும் அது அவசியம், யாரும் தவிர்க்க வேண்டாம். ஆனால் இந்தக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைக்கு அதே ஊசி உடம்பெல்லாம் பரவும் தொற்றாகிவிடக்கூடும். முன்பு கைக்குழந்தை இப்படி இறந்த வீடு என்றால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, ஊசி எப்போது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவுக்கும் ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்தக் குறைபாடுகள் சிலவும் உள்ளன. அரசு குறித்துள்ள சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். நமக்குப் பக்கமான பெங்களூரிலும் அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆனால் நோய்க்குப் பெயர் வைத்த பிறகுதான் அந்தக் கதவைத் தட்டவே முடியும்.

அந்தத் தாயின் இரண்டு பிள்ளைகளின் ரத்தமும் எங்கும் சேமிக்கப்படவில்லை. காப்பாற்ற முடியாது என்ற நிலையிலும் மரபணுச் சோதனைக்காகச் சில மில்லி எடுத்து வைத்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கருவைச் சோதித்திருக்க முடியும். இனி தாய், தந்தை ரத்தத்தில்தான் தேட வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிராம சுகாதாரச் செவிலியர் அவருடைய தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் "முன்பு இரு ஆண் குழந்தைகள் ஒரு வயதுக்குள் மரணம், பி.சி.ஜி.க்கு முன் மருத்துவரைக் கேட்கவும்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காட்பாடி போகும்போது கவரையும் எடுத்துப் போகச் சொன்னோம்.

"பழைய சீட்டுதானே, அதுக்கும் வேலை இருக்கா?" என்று கேட்டார்.