கருப்பையை எடுத்தால் வயிறு வெற்றிடமாகுமா?

“கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் வயிறு வெற்றிடமாகிவிடும்” என்று அஞ்சுவோர் நம் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் உண்டு. அவ்வாறு ஆவதில்லை. ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள அவ்வுறுப்பு இருந்த இடத்தைக் குடல் முதலியன நிரப்பிக்கொள்ளும்.

மாதவிலக்கு நிற்கும், இனிக் கருவுற இயலாது. பிற விளைவுகள் பெரும்பாலும் சூலகங்களைப் பொறுத்தவை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரப்பவை அவையே, கருப்பையன்று. அவை இருப்பின் சுரப்பு தொடரும். எனினும் மாதவிலக்கு ஓயும் பருவம் சற்று முன்னதாக வரக்கூடும். அவற்றையும் எடுத்துவிட்டாலோ, 35 வயதிலும் அப்பருவம் உடனே வந்துவிடும். உடல் திடீரெனச் சூடேறி வியர்க்கும், உறக்கம் கெடும், நாளடைவில் எலும்பு வலுவிழக்கும், இதயநோய் வாய்ப்பும் கூடும்.

15 லிட்டர் குடத்தில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதைத் தூக்கினால் வயிற்றினுள் அழுத்தம் உயர்ந்து ஆறாத தையலைத் தாக்கும். ஆகவே, ஆறு வாரமேனும் பளு தூக்கலாகாது.

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை இழந்தது 2019-இல் நாடறிந்த செய்தியாயிற்று. மாதவிலக்கு நாட்களில் கூலி போய்விடும் என்பதும் ஒரு காரணம். தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்க வேண்டுமென 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

புற்றுநோய்க்கு இவ்வறுவை உயிர் காக்கலாம். மிகு உதிரப்போக்குக்கும் சாதாரணக் கட்டிக்குமோ மாத்திரை, ஹார்மோன் ‘லூப்’, கட்டியை மட்டும் அகற்றுதல் என வேறு வழிகளும் உண்டு. எனவே, முடிவெடுக்குமுன் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை போன்ற ஓரிடத்தில் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். “சூலகங்களையும் எடுக்கத்தான் வேண்டுமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.