தாத்தா வண்டி ஓடும்... நிக்குமா?

ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ. குடமுருட்டி பாலத்தைத் தாண்டினா ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாழை. கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம்னு ரோடு நீண்டுக்கிட்டே போகும். அப்படியே முக்கொம்பு மேலணை வரைக்கும் ஒரு ரவுண்டு! புது வண்டியில போனா அது வெறும் டிரிப். தாத்தாவோட புல்லட்லயோ, மாமாவோட ஆர்.எக்ஸ். 100-லயோ போனா... அதுதானே கெத்து!

சரி ஃப்ரெண்ட்ஸ், இப்ப ஒரு சின்ன கேள்வி. ஜீயபுரத்துல வாழைத்தார் ஏத்தின வேன் ஒண்ணு திடீர்னு ரோட்டுக்கு வருது. உங்களுக்கு முன்னாடி போற புது பைக் 'டக்'னு நிக்குது. உங்க வண்டி நிக்குமா?

இந்தியாவுல 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் விற்கிற 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக் எல்லாத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். பிரேக்கை எவ்வளவு அழுத்திப் பிடிச்சாலும் வீல் பூட்டிக்காம அது பார்த்துக்கும். உங்க பழைய வண்டியில இருக்கிறது டிரம் பிரேக். மணிக்கு 60 கிலோமீட்டர்ல போனா ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போறீங்க. பிரேக்ல கை வைக்கணும்னு மூளைக்கு உறைக்கவே ஒரு நொடி ஆயிடும். மீதி தூரம் டிரம் பிரேக் கையில! அதனால முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல மத்தவங்க விடற இடத்தை விட டபுளா விடுங்க. பழைய வண்டி ஓட்டுறதுல முதல் பாடம் இதுதான்.

முதல் காசு எதுக்கு?

வண்டி கைக்கு வந்ததும் நம்ம ஆளுங்க முதல்ல எங்க ஓடுறாங்க? சைலன்சர் மாத்த! அடுத்து ஸ்டிக்கர், பெயின்ட். தப்பு பாஸ். முதல் காசு வண்டியை நிறுத்துறதுக்கு.

பிரேக்: அட்ஜஸ்ட் பண்ற நட்டைக் கடைசி மரை வரைக்கும் திருகியாச்சா? அப்ப பிரேக் ஷூ தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். முன்னாடியும் பின்னாடியும் ஷூ மாத்துங்க, கேபிளும் புதுசு போடுங்க. மழைத் தண்ணியில இறங்கி ஏறினா டிரம்முக்குள்ள ஈரம் போயிடும், பிரேக் பிடிக்காது. பிரேக்கை லேசா பிடிச்ச மாதிரியே மெதுவா கொஞ்ச தூரம் ஓட்டினா காஞ்சிடும்.

டயர்: பட்டன் நல்லாத்தானே இருக்குன்னு ஏமாறாதீங்க. ஷெட்டுல சும்மா நின்ன டயரும் காஞ்சு வெடிக்கும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும். '2319'னு போட்டிருந்தா 2019-ஆம் வருஷம் 23-வது வாரத்துல செஞ்ச டயர்னு அர்த்தம். நம்பர் பழசா இருந்து, ரப்பர்ல வெடிப்பும் தெரிஞ்சா யோசிக்காம மாத்திடுங்க.

ஸ்போக்: ஸ்பேனரால ஒவ்வொரு கம்பியையும் லேசா தட்டுங்க. 'டிங்'னு கேட்டா டைட். 'டொக்'னு கேட்டா லூஸ்.

செயின்: கையால தூக்கிப் பார்த்தா ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் ஆடணும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைச்சு ஆயில் விடுங்க.

டூ ஸ்ட்ரோக்கா? உஷார்!

1985-ல் வந்து 1996-ல் நின்னு போன ஆர்.எக்ஸ். 100-க்கு இன்னைக்கும் அடிச்சுக்கிறாங்க. வெறும் 98 சி.சி.தான், ஆனா கிளம்புற வேகம் இருக்கே! இந்த வண்டியில 2டி ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. ஒரு சின்ன பம்ப் அதை இன்ஜினுக்கு அனுப்பும். மைசூர்ல தயாரான யெஸ்டியில அந்த வசதி கிடையாது. பெட்ரோல் போடும்போதே ஆயிலையும் நாமதான் கலக்கணும். லிட்டருக்கு 40 மில்லிங்கறது மெக்கானிக்குங்க சொல்ற கணக்கு.

இங்கதான் ஒரு ஆபத்து. ஆர்.எக்ஸ். வச்சிருந்த பல பேர் அந்த பம்பைக் கழட்டிட்டு, பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஓட்டியிருப்பாங்க. அது தெரியாம நீங்க வெறும் பெட்ரோல் போட்டு விரட்டினா... ஆயில் இல்லாத பிஸ்டன் சூடேறி, சிலிண்டரோட பிடிச்சுக்கும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே பின் வீல் பூட்டிக்கும்! அந்த நொடியில செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: கிளட்சைப் பிடிங்க. வீல் மறுபடி சுத்தும், ஓரம் கட்டிடலாம். டூ ஸ்ட்ரோக் ஓட்டுற பழைய ஆளுங்களோட இடது கை விரல் எப்பவும் கிளட்ச் மேலயே இருக்கிறது ஸ்டைலுக்கு இல்லீங்க!

வண்டி வாங்கும்போது "அண்ணே, பம்ப் வேலை செய்யுதா, கழட்டியாச்சா?"னு கேட்க மறக்காதீங்க.

புல்லட்டை உதைக்கிறது ஒரு கலை

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்ததால நம்ம ஊர்லயே தயாராக ஆரம்பிச்சு, திருவொற்றியூர் ஃபேக்டரியில வளர்ந்த வண்டி புல்லட். பழைய மாடல்ல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. புது பைக் ஓட்டிப் பழகினவங்க அவசரத்துல வலது காலை அமுக்கினா பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும்! மெயின் ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆள் இல்லாத தெருவுல ரெண்டு நாள் பழகுங்க. கால் தானா சரியான இடத்துக்குப் போகணும்.

ஸ்டார்ட் பண்றதுக்கும் முறை இருக்கு. சாவியைப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெல்ல அமுக்குங்க. டீகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல வர விட்டு, முழுசா ஒரே மிதி. 'டுப் டுப் டுப்'! முறை தெரியாம உதைச்சா கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்புக் காலோட இருந்தா கணுக்கால் காலி.

பெட்ரோல் மாறிப் போச்சு

இப்ப பங்க்குல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்க வண்டி பிறந்தப்போ இது இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். அதனால பெட்ரோல் டியூபையும், கார்புரேட்டர் வாஷர்களையும் புதுசா மாத்துங்க. ராத்திரி நிறுத்தும்போது பெட்ரோல் காக்கை மூடுங்க. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? கார்புரேட்டர்ல தேங்கின பெட்ரோலை வடிச்சிட்டுப் போங்க.

உடம்புக்கு என்ன போடணும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட முழு முக ஹெல்மெட். ஸ்ட்ராப்பைப் போடாத ஹெல்மெட், தலையில கவிழ்த்த பானை மாதிரி. ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுடுங்க. வெளியில கீறல் கூட இல்லைன்னாலும், உள்ளே இருக்கிற தெர்மோகோல் நசுங்கியிருக்கும். பின்னாடி உட்கார்ற நண்பனுக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

திருச்சி வெயில்ல லெதர் ஜாக்கெட் எல்லாம் சரிப்படாது. காத்துப் போற மெஷ் ஜாக்கெட் போதும். அதுவும் பட்ஜெட்ல இல்லையா? முழுக்கை வச்ச கனமான ஜீன்ஸ் சட்டை, கிளவுஸ், கணுக்காலை மூடுற ஷூ. தோழிகளே, துப்பட்டாவை இறுக்கி முடிச்சுப் போட்டுட்டு ஏறுங்க. ஸ்போக் வீலுக்கு துப்பட்டான்னா ரொம்பப் பிரியம்!

டூல் பாக்ஸ்ல என்ன இருக்கணும்?

ஒரு ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், பாயின்ட் தேய்க்க உப்புத்தாள், ஃபியூஸ், பல்பு, இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி, டார்ச். புது கிளட்ச் கேபிள் ஒண்ணைப் பழைய கேபிள் பக்கத்துலயே ஓட்டிக் கட்டி வைங்க. அறுந்தா ரெண்டு முனையையும் மாட்டிட்டு கிளம்பிடலாம்.

பேப்பர் பத்திரம்!

ஆர்.சி. இல்லாத வண்டி எவ்வளவு சல்லிசா வந்தாலும் வாங்காதீங்க. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட ஒத்துப்போகணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கணும். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட் ரெண்டும் கையில இருக்கணும். ஸ்பேர் கிடைக்கலையா? சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் பழைய வண்டிக்காரங்களுக்குக் காசி, ராமேஸ்வரம் மாதிரி. ஆனா பிரேக் ஷூவும் டயரும் மட்டும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கவே கூடாது.

கடைசியா ஒண்ணு. உங்க ஏரியாவுல தலை நரைச்ச மெக்கானிக் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர் வேலை செய்யும்போது பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருங்க. ஸ்பேனர் எடுத்துக் கொடுங்க, டீ வாங்கிட்டு வாங்க. சத்தத்தை வச்சே வியாதியைச் சொல்ற வித்தையை அவர்கிட்டதான் கத்துக்க முடியும்.

அப்புறம் ஜீயபுரம் ரோட்டுல நிதானமா, அம்பதுல, காவிரியைப் பார்த்துக்கிட்டே போங்க. புது பைக் பசங்க எல்லாம் உங்களைத் தாண்டிப் போவாங்க. போகட்டுமே! முக்கொம்புல வண்டியை நிறுத்தினதும் அவங்களே வந்து, "ப்ரோ, இது எந்த வருஷத்து மாடல்?"னு கேட்பாங்க பாருங்க. பதில் சொல்ல நீங்க முழுசா அங்கே போய்ச் சேர்ந்திருக்கணும். அவ்வளவுதான்!