பரிவு மட்டும் போதுமா?
கைவிடப்பட்ட குதிரையை ஏற்கும் முன்

தலைநகர் தில்லியில் திருமணமென்றால் மாப்பிள்ளை குதிரையேறி வருவது வழக்கம். சரிகைத் துணி போர்த்தி, வாத்திய முழக்கத்தின் நடுவே நடந்துவரும் வெள்ளைக் குதிரையை நேயர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். ஆனால் ஆடியையொட்டித் தொடங்கும் சாதுர்மாஸ்யத்தின் நான்கு மாதங்களில் வடநாட்டில் பெரும்பாலும் முகூர்த்தம் வைப்பதில்லை. ஊர்வலம் இல்லையேல் வருமானம் இல்லை. வருமானம் இல்லையேல் தீவனமும் குறைந்துவிடுகிறது.

அத்தகைய ஒரு மழைக்காலத்தில், நமது குடியிருப்பின் பின்புறத் திடலில் ஒரு குதிரை கட்டப்பட்டிருக்கக் கண்டோம். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். குளம்புகள் வெட்டப்படாமல் நீண்டு, நுனி மேல்நோக்கி வளைந்திருந்தன. கோப்புகளை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் நமக்குக் குதிரையைப்பற்றித் தெரிந்ததெல்லாம் அகராதியிலுள்ள சொற்களே. ஆயினும் மனம் கேட்கவில்லை. அண்டை வீட்டாரும் நாமும் சேர்ந்து அதனை விலைக்கு வாங்கிவிடுவதெனத் தீர்மானித்தோம். அன்று மாலையே ஊறவைத்த கொண்டைக்கடலையும் வெல்லமும் ஒரு வாளி நிறையக் கொண்டு சென்றோம். நல்ல காலமாக, அங்கே வந்திருந்த கால்நடை மருத்துவர் ஒருவர் நம்மைத் தடுத்தார். "இத்தனை நாள் பசி செய்யாததை இந்த வாளி செய்துவிடும்" என்றார் அவர்.

அவர் கூறியதன் பொருளை அறிந்துகொள்வது அவசியம். நெடுநாள் பட்டினி கிடந்த உடல் முதலில் தன் கொழுப்பையும், பின்னர் தசையையும் எரித்தே உயிர் வாழ்கிறது. அந்நிலையில் தானியமும் வெல்லமும் ஒரேயடியாக உள்ளே சென்றால், இரத்தத்தில் சர்க்கரை ஏறி, அதனுடன் இன்சுலினும் பெருகுகிறது. இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகள் திடீரென உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. இதனால் இதயமும் சுவாசமும் தளர்ந்து, உணவு கிடைத்த சில நாட்களுக்குள்ளேயே குதிரை மடிய நேரிடுகிறது. குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். தின்ற பொருள் ஒவ்வாவிடில், அது கடுமையான வயிற்றுவலியாக முடிகிறது.

ஆகவே, மெலிந்த குதிரைக்கு முதல் உணவு கொள்ளுமன்று, கடலையுமன்று, நல்ல உலர்தீவனமே. நம் உழவர்கள் குதிரைமசால் என்றழைக்கும் தீவனத்தின் உலர்ந்த இலைத்தழையே இதற்கு மிக ஏற்றது எனக் கண்டுள்ளனர். அதிலும் அரைக் கிலோ அளவாக, நான்கு மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும் கொடுக்கவேண்டும். மூன்று நாட்களுக்குப் பின், மருத்துவரின் மேற்பார்வையில், படிப்படியாக அளவைக் கூட்டலாம். பழைய உடற்கட்டு திரும்ப ஆறு முதல் பத்து மாதங்கள்வரை ஆகும். இரக்கத்தின் வேகத்திற்கும் உடல் தேறும் வேகத்திற்கும் இத்தனை தூரம்.

உணவுக்கு அடுத்தது நோய். புதிதாக வரும் குதிரையைச் சில வாரங்களேனும் மற்றக் குதிரைகளிடமிருந்து பிரித்துக் கட்டவேண்டும். மூக்கில் சளியும் தோலில் புண்ணும் உண்டாக்கும் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் நம் நாட்டில் இன்னும் தலைகாட்டுகிறது; அது மனிதரையும் பற்றக்கூடியது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதனை அரசுக்கு அறிவித்தல் கட்டாயம். ஆதலால் இரத்தப் பரிசோதனை முடியுமுன் குதிரையைத் தடவிக் கொடுத்து மகிழ்வதும் தகாது. ரணஜன்னித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கூர்மையடைந்த பற்களை அராவுதல், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு வெட்டுதல் ஆகியவையும் தவறக்கூடாதவை. மிக நீண்ட குளம்பையும் ஒரே நாளில் வெட்டிவிட முடியாது. பலமுறை சிறிது சிறிதாகவே சரிசெய்ய வேண்டும். நல்ல லாடக்காரர் அருகிலில்லாத ஊரில் குதிரை வளர்க்க எண்ணுவதே வீண்.

மூன்றாவதாக, குணம். பட்டினியால் வாடும் குதிரை சாதுவாக நிற்கும். அது அதன் சுபாவமென நம்பிவிடுவது அனுபவமற்றவர் செய்யும் பெரும்பிழை. சாந்தமாகத் தோன்றுவது பலவீனமே. பலம் திரும்பிய பின்னரே அது கடிக்குமா, உதைக்குமா, அடிபட்ட நினைவால் கயிற்றைக் கண்டதும் மிரளுமா என்பது தெரியவரும். குதிரைக்குத் தன் நேர் பின்புறம் கண்ணுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே, தோள்பக்கமாக அணுகவேண்டுமென்ற இந்த எளிய பாடத்தையும் பழகியவர் ஒருவரிடம் நேரில் கற்பதே நலம்.

இனிக் கணக்குப் பார்ப்போம். சுமார் 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிலோ உலர்தீவனமும், 25 முதல் 40 லிட்டர் வரை நீரும் வேண்டும். அள்ளவேண்டிய சாணமோ 15 கிலோவுக்கு மேல். அது கூட்டமாக வாழும் பிராணியாதலால் தனிமையிலும் நலிகிறது. நன்கு பேணினால் 25 ஆண்டுகள், அதற்கு மேலும் வாழும். பணிமாற்ற உத்தரவு எந்நேரமும் வரக்கூடிய நம்போன்றோர் அத்தனை ஆண்டுகளுக்கு உறுதி கூற இயலுமா?

விலை கொடுத்து மீட்பதிலுள்ள சிக்கலை விளக்க ஒரு பழைய வரலாறு உதவும். முதல் உலகப்போருக்குப்பின் பிரிட்டிஷ் இராணுவக் குதிரைகள் பல எகிப்தில் விற்கப்பட்டன. 1930இல் கெய்ரோ சென்ற டோரதி புரூக் என்ற அம்மையார், அவை முதுமையிலும் வண்டியிழுத்து வாடுவதைக் கண்டு நிதி திரட்டி, சில ஆண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளை வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை தேற இயலாத நிலையிலிருந்தன. அவற்றுக்கு அவரால் அளிக்க முடிந்தது நோவற்ற முடிவே. ஆயினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. 1934இல் கெய்ரோவில் ஒரு மருத்துவமனை நிறுவி, ஏழை வண்டிக்காரர்களின் பிராணிகளுக்கு இலவசச் சிகிச்சை கிடைக்கச் செய்தார். குதிரை உடையவனிடமே இருக்க, அறிவும் மருந்தும் அவனைத் தேடிச் சென்றன.

இவ்வழியே நமக்கும் பொருத்தமாகத் தோன்றியது. நாம் கொடுக்கும் விலையில் அப்பெரியவர் மற்றொரு மெலிந்த குதிரையை வாங்கி அதே முளையில் கட்டியிருப்பார். அவரோ கொடியவரல்லர், தம் வீட்டு அடுப்பும் அணைந்திருந்த நாட்களில் குதிரைக்கு வைக்கோல் தேடியவர். எனவே, வாங்குவதற்கென வைத்திருந்த பணத்தைப் பங்கிட்டோம். ஒரு பகுதி குதிரைமசாலுக்கும், ஒரு பகுதி மருத்துவருக்கும், மீதி லாடக்காரருக்கும் சென்றது. இரவு நேரத் தீவனத்தை அண்டை வீட்டாரும் நாமும் முறைவைத்துக் கொண்டுபோய் வைத்தோம். கார்த்திகையில் கல்யாணங்கள் தொடங்கியபோதும் மருத்துவர் சம்மதிக்கும்வரை குதிரையை வெளியே அனுப்புவதில்லையெனப் பெரியவர் வாக்களித்தார்; அதைக் காப்பாற்றினார். மாசி மாதத்தில் ஒருநாள் நமது தண்ணீர் வாளியை அக்குதிரை ஒரே உதையில் தூர எறிந்தது. மருத்துவர் சிரித்தார், நாமோ இரண்டடி பின்வாங்கினோம்.

குதிரையை ஏற்கவே கூடாதென்பது நம் கருத்தன்று. இடமும், பொருளும், நேரமும், அருகில் மருத்துவரும், கைபிடித்துக் கற்பிக்கும் அனுபவசாலியும் உடையவர் தாராளமாக ஏற்கலாம். அவர்கூட முதலில் சில மாதங்கள் ஒரு லாயத்தில் சாணம் அள்ளிப் பழகியபின் முடிவு செய்வது நல்லது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கயிற்றை அவிழ்க்க அவசரப்படவேண்டாம். குதிரை நிற்குமிடத்திலேயே நம் உதவி அதனைச் சென்றடையலாம்.