பைத்தான்: உங்களிடம் இருப்பது புதிய பதிப்பா?

பைத்தான் மொழியைக் கற்கத் தொடங்கும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. இணையத்தில் தேடினால் பழைய பக்கங்களும் சம்பந்தமில்லாத டவுன்லோட் தளங்களும் வரும். அங்கே கிடைக்கும் பைலுடன் வைரஸும் சேர்ந்து வரலாம். எனவே பைத்தான் டாட் ஆர்க் என்ற அதிகாரப்பூர்வ தளத்தை மட்டும் நம்புங்கள்.

முதலில் பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 3.13.2 என்பதில் 3 என்பது மொழியின் தலைமுறை. 13 என்பது வருடாந்திரப் பதிப்பு. கடைசி 2 என்பது பிழைதிருத்தம். புள்ளியைத் தசமப் புள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். 2021-ல் வந்த 3.10, 2020-ல் வந்த 3.9-ஐ விடப் புதியது. எண்ணுடன் ஏ, பி, ஆர்சி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது சோதனைப் பதிப்பு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம்.

உங்களிடம் உள்ள பதிப்பை அறிய, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பி, ஒய் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். முதல் வரியிலேயே எண் தெரியும்.

2020 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் புதிய பதிப்பு வெளியாகிறது. 3.14 வந்தது 2025 அக்டோபர் 7-ல். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஐந்து வருடம். 3.13 முதல், முதல் இரண்டு வருடம் எல்லாப் பிழைகளும் திருத்தப்படும். பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே. அப்போது சோர்ஸ் கோடு மட்டும் வெளியாகும். விண்டோஸ் இன்ஸ்டாலர் வராது. அதாவது ஓட்டை அடைக்கப்பட்டாலும் அது உங்கள் கம்ப்யூட்டருக்குத் தானாக வந்து சேராது. இந்தக் கணக்கில் 3.14-ஐ 2027 அக்டோபர் வரை கவலையின்றிப் பயன்படுத்தலாம். ஐந்து வருடம் முடிந்த 3.9-க்கு இனி எந்தத் திருத்தமும் இல்லை.

நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. கடைசி எண் மட்டும் மாறினால் உடனே இன்ஸ்டால் செய்துவிடுவேன். நடு எண் மாறினால் இரண்டு, மூன்று மாதம் பொறுப்பேன். நாம் பயன்படுத்தும் லைப்ரரிகள் புதிய பதிப்புக்குத் தயாராக அவகாசம் வேண்டும். புதியது தனி போல்டரில் இன்ஸ்டால் ஆவதால் பழையதை உடனே நீக்க வேண்டியதில்லை. ஆனால் லைப்ரரிகளைப் புதியதில் மீண்டும் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

பிராஜெக்ட் பாதியில் இருந்தால், அதை முடித்துவிட்டு மாறுங்கள்.