பிரேக் திடீரென்று போவதில்லை

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிரேக் பிடிக்காததால் லோரி கட்டுப்பாட்டை இழந்தது." செய்தி வாசிக்கும் எங்களுக்கு இந்த வரி மனப்பாடம். வாசிக்கும்போது அது விதியின் விளையாட்டு போல ஒலிக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, திடீரென்று பிரேக் போய்விட்டது, யார் என்ன செய்ய முடியும்?

ஆனால், பழைய லோரிகளை ஓட்டிய பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துப் பாருங்கள். "திடீரென்று" என்ற சொல்லை அவர்கள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிரேக் சொல்லாமல் போவதில்லை. நாம்தான் கேட்காமல் போகிறோம் என்பார்கள். அவர்களுடைய நினைவுகளில் இன்றைய சாலைக்கும் தேவையான பாடம் இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

பாலம் வருவதற்கு முன்

பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன்பு தீவுக்கு வரும் லோரி எதுவானாலும் பட்டர்வொர்த்தில் வரிசையில் நின்று ஃபெரி ஏறித்தான் வரவேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாக முடிந்தது 1994இல். அதுவரை கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்களுக்குப் பழைய கூட்டரசு சாலைதான் கதி. நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய் என்று சமதரையில் போய், தைப்பிங் பக்கம் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் மலைப்பாதை. பிறகு கோலகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ. கேமரன் மலைக் காய்கறி ஏற்றப் போகிறவர்கள் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, பாரத்தோடு அதே வளைவுகளில் இறங்க வேண்டும்.

பெட்ஃபோர்ட், லேலண்ட், மூக்கு நீண்ட மெர்சிடிஸ் என்று அந்தக் காலத்து லோரிகளின் பெயரைச் சொன்னாலே பெரியவர்களின் முகம் மலரும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் கிளிண்டான் ஒருவர் இருப்பார். சரக்கு ஏற்றி இறக்குவதோடு அவருக்கு இன்னொரு முக்கிய வேலை உண்டு. வண்டி நிற்காமல் உருண்டால், கையில் மரக்கட்டையோடு குதித்து ஓடிச் சக்கரத்துக்கு அணை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டைதான் அன்றைய கடைசி பிரேக்!

என் பெரியப்பா எழுபதுகளில் பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்கு அரிசி மூட்டை ஏற்றிச் சென்றவர். அவர் அடிக்கடி சொல்லும் சம்பவம் ஒன்று. அன்றைக்குக் கிடங்கில் வழக்கத்தைவிட அதிக மூட்டைகள் ஏற்றினார்கள். தைப்பிங் வரும்போதே பெடல் இரண்டு முறை மெத்தென்று இறங்கியது. "அண்ணே, கருகுற வாடை வருதே" என்றாராம் கிளிண்டான். "பேசாம இருடா தம்பி, இருட்டுறதுக்குள்ள போயிடுவோம்" என்று இவர் ஓட்டியிருக்கிறார். தாமதமானால் முதலாளி கூலியில் பிடிப்பார். புக்கிட் பெராப்பிட் இறக்கத்தில் பெடல் தரைவரை போய்விட்டது. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மலைப்பக்க மண்மேட்டில் வண்டியை உரசியே நிறுத்தியிருக்கிறார். உயிர்ச்சேதம் இல்லை.

அந்தக் கதையை அவர் முடிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். "பெடல் போனது பெராப்பிட்லதான். ஆனா பிரேக் போனது பட்டர்வொர்த் கிடங்குலயே" என்பார். நான் இன்று சொல்ல வருவதன் சாரமே இந்த இரண்டு வரிதான்.

பிரேக் என்பது ஓர் அடுப்பு

பிரேக் வண்டியை எப்படி நிறுத்துகிறது? ஓடும் வண்டியிடம் இருக்கும் சக்தியை வெப்பமாக மாற்றித்தான். டிரம் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் பிரேக் ஷூ அதை அழுத்துகிறது, உரசலில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு காற்றில் கலைந்துபோக நேரம் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. இருபது டன் எடையுள்ள லோரி நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடாமல் பிரேக்கை மட்டுமே நம்பி அதை இறக்கினால் உண்டாகும் வெப்பம், சாதாரணத் தண்ணீர் ஏறக்குறைய 60 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனை சூட்டையும் சில நிமிடங்களில் அந்த டிரம்கள் தாங்க வேண்டும். பத்து டன்னுக்கு அனுமதி பெற்ற வண்டி பதினைந்து டன் எடையோடு இறங்கினால், சூடும் ஒன்றரை மடங்கு. வேகம் இரட்டிப்பானால், வண்டியை நிறுத்தும்போது பிறக்கும் சூடு நான்கு மடங்கு.

சூடு எல்லை மீறினால் என்ன ஆகும்? லைனிங் பிடிப்பை இழக்கும். டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். நம்மூர் ஓட்டுநர்கள் இதை மலாயில் "பிரேக் தா மாக்கான்" என்பார்கள். பிரேக் சாப்பிடவில்லையாம்! உண்மையில் அது தாங்காத அளவுக்குச் சாப்பிட்டுவிட்டது.

பழைய வண்டியின் பலவீனங்கள்

பழைய லோரிகள் பலவற்றில் பிரேக் எண்ணெய் ஒரே குழாய் வழியாக எல்லாச் சக்கரங்களுக்கும் போகும். எங்காவது ஓரிடத்தில் குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு. பின்னர்தான் இரண்டு தனித்தனிப் பாதைகள் வந்தன; ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும்.

பிரேக் எண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டோட் 3' வகை புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். குமிழை அழுத்தலாம், ஆனால் அது சக்கரத்தை அழுத்தாது. பெடல் மெத்தென்று இறங்குவதன் காரணம் அதுதான். மழையும் புழுக்கமும் குறையாத நம் நாட்டில் பிரேக் எண்ணெயைக் காலத்தோடு மாற்ற வேண்டும் என்று வொர்க்ஷாப்பில் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சல்ல.

சில வண்டிகளில் பிரேக்குக்குத் துணை செய்யும் விசை இயந்திரத்தின் உறிஞ்சு சக்தியிலிருந்து வரும். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இயந்திரத்தை அணைத்தால், இரண்டு மூன்று மிதியில் அந்தத் துணையும் தீர்ந்துவிடும். பெடல் கல்லாகிவிடும்.

காற்று பிரேக்கின் கதை வேறு. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்கு அதை உருவாக்கினார். 1872இல் அதையே திருத்தி, குழாய் அறுந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி செய்தார். கோளாறு வந்தால் வண்டி ஓடக்கூடாது, நிற்க வேண்டும் என்ற அருமையான சிந்தனை அது. இன்றைய கனரக லோரிகளில் உள்ள ஸ்பிரிங் பிரேக்கும் அதே தத்துவம்தான். காற்றழுத்தம் போய்விட்டால் வலுவான ஸ்பிரிங் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பழைய காற்று பிரேக் லோரிகள் எல்லாவற்றிலும் இந்த வசதி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் பிரேக் காற்று போனால் காப்பாற்றும். சூடு ஏறினால் காப்பாற்றாது. ஏனென்றால், அது அழுத்துவதும் அதே சூடேறிய டிரம்மைத்தான். ஆகவே, புது வண்டிக்கு இந்தப் பேச்சு தேவையில்லை என்று நினைப்பது தவறு.

ஜெலாப்பாங் சொன்ன பாடம்

பினாங்கிலிருந்து தெற்கே போகிறவர்கள் மெனோரா சுரங்கப்பாதையை மறக்க முடியாது. அதைத் தாண்டியதும் ஈப்போவை நோக்கி நீண்ட இறக்கம். அந்த இறக்கம் முடியும் இடத்தில் ஒரு காலத்தில் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. யோசித்துப் பாருங்கள். பிரேக் அதிகமாகச் சூடேறியிருக்கும் அந்த இடத்தில்தான் எல்லா லோரியும் கட்டாயம் நிற்க வேண்டும்! பிரேக் பிடிக்காத கனரக வண்டிகள் அங்கே விபத்துக்குள்ளான செய்திகள் அடிக்கடி வந்தன. கடைசியில் 2009இல் அந்தச் சாவடி நெடுஞ்சாலையிலிருந்தே அகற்றப்பட்டது.

சாலையின் அமைப்பும் ஒரு காரணமாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஓட்டுநரை மட்டும் குறை சொல்லியிருந்தால் அந்தச் சாவடி அங்கேயே இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கும் இதே பிரச்சினைதான். டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு இறங்குவதும், பிரேக் சூடாகி முன்னால் போகும் வண்டிகள்மீது மோதுவதும் அங்கே பலமுறை நடந்திருக்கின்றன. நம் தீவில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் துன் சர்டோன் சாலையும் மலையேறி இறங்கும் சாலைதான். பாரம் ஏற்றிய லோரி அங்கே இறங்கினாலும் கணக்கு ஒன்றே.

ஏறிய கியரிலேயே இறங்கு

பழைய ஓட்டுநர்களின் வேதம் இது. எந்த கியரில் மலையை ஏறினாயோ அதே கியரில் இறங்கு. குறைந்த கியரில் இருந்தால் இயந்திரமே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். கியரைக் குறைக்க வேண்டிய இடம் மலை உச்சி, இறக்கத்தின் நடுப்பகுதி அல்ல. வேகம் ஏறிய பிறகு கியர் விழாது. பழைய லோரியில் விழவே விழாது. இன்றைய லோரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக், ரிட்டார்டர் என்று துணைக் கருவிகள் வந்துவிட்டன. அவையும் சக்கர பிரேக்கைக் குளிர்ச்சியாக வைத்திருக்கத்தான்.

கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கும் திட்டம் 2025 அக்டோபரில் கட்டம் கட்டமாகத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால், அந்தக் கருவி இயந்திரத்துக்குப் போகும் எரிபொருளைத்தான் கட்டுப்படுத்தும். மலை இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது எரிபொருள் அல்ல, அதன் சொந்த எடை. அங்கே ஓட்டுநரின் கியர்தான் வேகக் கட்டுப்பாடு.

கணக்கு யாருடையது?

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் சரளைக்கல் ஏற்றிய லோரி, கலகத் தடுப்புப் போலீசார் சென்ற வாகனத்தோடு மோதியதில் 9 போலீசார் உயிரிழந்தார்கள். அங்கே பேசப்பட்டது ஸ்டியரிங் கோளாறு. ஆனாலும், அந்த லோரி அனுமதித்த எடையைவிட மிக அதிகமான பாரத்தோடு ஓடியது தெரியவந்தபோது, நாடே கேட்ட கேள்வி ஒன்றுதான். ஏற்றச் சொன்னது யார்?

பெரியப்பாவின் காலத்திலும் கேள்வி அதுதான். அதிக மூட்டை ஏற்றினால் லாபம் கிடங்குக்காரருக்கு. லைனிங் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் மிச்சம் முதலாளிக்கு. இறக்கத்தில் பெடல் போனால் உயிர் ஓட்டுநருக்கும் எதிரே வருகிறவருக்கும். லாபமும் ஆபத்தும் வெவ்வேறு கைகளில் இருக்கும்வரை விபத்து குறையாது.

வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற மையங்களில் சோதனைக்குப் போக வேண்டும். அது அவசியம். ஆனால், அன்று தேறிய பிரேக் அடுத்த ஆறு மாதமும் தேறும் என்று யாரும் எழுதித் தரவில்லை. தினமும் காலையில் காற்றுக் கசிவைப் பார்ப்பது, டிரம்முக்கும் ஷூவுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து வைப்பது, பாரத்தை எடை போடுவது இவையெல்லாம் பட்டறையிலும் கிடங்கிலும் நடக்க வேண்டியவை. ஓட்டுநர் "பிரேக் சரியில்லை" என்று சொன்னால், சம்பளம் பிடிக்காமல் கேட்கும் முதலாளி வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பயமில்லாமல் சொல்ல முடிந்தால், பல விபத்துகள் சாலைக்கே வராது.

நம் பங்கு

கார் ஓட்டும் வாசகர்களே, நமக்கும் வேலை உண்டு. இறக்கத்தில் லோரிக்கு முன்னால் சட்டென்று நுழைந்து பிரேக் போடாதீர்கள். நீங்கள் இடைவெளி என்று நினைப்பது, அந்த ஓட்டுநர் நிறுத்துவதற்காகக் காத்து வைத்திருக்கும் தூரம். சக்கரத்தில் புகை, கருகிய வாடை தெரிந்தால் விலகிப் போங்கள். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, விளக்கு எரிய ஒரு லோரி பின்னால் வந்தால், கோபப்படாமல் வழி விடுங்கள்.

குடும்பத்தில் யாராவது லோரி ஓட்டுகிறவரா? இன்று இரவு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் எப்படி இருக்கு?" அவர் சற்றுத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள். நாளை முதலாளியிடம் அதைச் சொல்ல அவருக்குத் துணை நில்லுங்கள்.